புற்றரையும் களைநாசினியும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, பலாங்கொடை வழியாக மலையேறி வரும் நெடுஞ்சாலை ஹல்துமுல்லையைக் கடந்து பெரகல சந்தியை அடைகின்றது. அங்கிருந்து ஒரு கிளை ஹப்புத்தளை, பண்டாரவளை ஊடாக ஹாலி எலைக்குச் செல்ல, பெருஞ்சாலை கொஸ்லந்தை, வெல்லவாய என்று கீழிறங்குகின்றது. இச்சந்தியைச் சூழ்ந்த மலைகளிலே தேயிலையும் மரக்கறியும் பயிராகின்றன என்பதை யாவரும் அறிவர். இவையன்றி வேறொரு பயிரும் இங்கே பேணி வளர்க்கப்படுகின்றது. அதனைப் பயிரென்று எவரும் எண்ணுவதில்லை. தோட்டத்துப் பங்களாவின் முன்றிலிலும், வைத்தியசாலை வளவிலும், கோயில் வெளியிலும், பாடசாலை மைதானத்திலும் விரிந்து கிடக்கும் புல்லே அப்பயிர். ஹப்புத்தளைக்கு அண்மையில் 1931 ஆம் ஆண்டு சேர் தோமஸ் விலியர்ஸ் கட்டி முடித்த அதிஷம் மாளிகையைக் காணச் செல்வோர், கட்டடத்தோடு அதனைச் சூழ்ந்த புற்றரையையும் பூந்தோட்டத்தையும் வியந்து திரும்புவர். அத்தகைய தரையை ஆக்குவது அரிது. காப்பது அதனினும் அரிது. புல் வளரும் இடத்தில் களையும் வளரும். அக்களையை அழிப்பதற்கு மனிதன் கண்ட தெரிவுக் களைநாசினிகளைப் பற்றியும், அவற்றைத் தீங்கின்றிப் பாவிக்கும் முறை பற்றியும் இன்று உங்களுடன் பேச விழைகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைப் பற்றிக் கூற வேண்டும். நூல்கள் களைநாசினி என்று குறிப்பிடும் பொருளை நம் தோட்டப்புறங்களில் எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. "மருந்து" என்றே கூறுகின்றோம். களைக்குத் தெளிப்பதும் மருந்து. காய்ச்சலுக்குக் குடிப்பதும் மருந்து. மருந்தென்ற பெயரைக் கேட்டவுடன் அச்சம் நீங்கிவிடுகின்றது. கையுறையின்றிக் கலக்கலாம், வெறுங்காலுடன் தெளிக்கலாம், எஞ்சியதைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கலாம் என்னும் துணிவு பிறக்கின்றது. "தெரிவு" என்ற அடைமொழியும் அதனோடு சேரும்போது அத்துணிவு இரட்டிப்பாகின்றது. வேண்டாததை மாத்திரம் தெரிந்து கொல்லும் பொருள் வேண்டியவற்றுக்கு எவ்வாறு தீங்கு செய்யும் என்று மக்கள் நினைக்கின்றனர். இவ்வெண்ணம் பிழையானது. அது ஏன் பிழையானது என்பதை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

களைநாசினிகளை இரு பெரும் பிரிவாகப் பகுக்கலாம். பட்ட பசுமை அனைத்தையும் வேறுபாடின்றி அழிப்பவை ஒரு பிரிவு. கிளைபொசேற்று என்பது இவ்வகையினது. தேயிலை மலைகளில் இதனை அறியாதார் இலர். இதனைப் புற்றரையில் தெளித்தால் களையுடன் புல்லும் மடியும். மற்றப் பிரிவைச் சேர்ந்தவை ஒருவகைத் தாவரத்தைக் கொன்று இன்னொரு வகையை விட்டுவைப்பவை. 2,4-டி என்பதும் எம்.சி.பி.ஏ. என்பதும் இவற்றுள் தலையாயவை. இவை அகன்ற இலைச் செடிகளைப் பெரும்பாலும் அழிக்கும். புல்லினத்தைப் பெரும்பாலும் விட்டுவைக்கும். "பெரும்பாலும்" என்ற சொல்லை நேயர்கள் மறவாதிருப்பார்களாக. பின்னர் அதனிடம் மீண்டும் வருவோம்.

இவற்றின் வரலாறு சுவையானது. 1880 ஆம் ஆண்டில் சாள்ஸ் டார்வின் தம் மைந்தர் பிரான்சிஸ் துணையுடன் எழுதி வெளியிட்ட நூலொன்றில், புல்லின் இளமுளை ஒளியை நோக்கி வளைவதைப் பற்றிய சோதனைகளை விவரித்தார். முளையின் நுனியில் தோன்றும் ஏதோ ஒரு தூண்டுதல் கீழிறங்கி அவ்வளைவை உண்டாக்குகின்றது என்பது அவர் கண்ட முடிவு. ஏறத்தாழ அரை நூற்றாண்டு கழித்து, ஒல்லாந்து நாட்டு அறிஞர் வென்ற் என்பவர் அத்தூண்டுதல் ஓர் இரசாயனப் பொருளே என்பதை 1928 இல் நிறுவினார். ஒட்சின் எனப்படும் அவ்வளர்ச்சிப் பொருளைப் போன்றவற்றைச் செயற்கையாக ஆக்க முற்பட்டோர், இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் எதிர்பாராத ஒன்றைக் கண்டனர். மிகச் சிறிய அளவில் வளர்ச்சியைத் தூண்டும் அப்பொருள்கள், அளவு மிகுந்தால் அகன்ற இலைச் செடிகளைக் கொன்றுவிடுகின்றன. அமெரிக்காவில் 2,4-டியும் பிரித்தானியாவில் எம்.சி.பி.ஏ.யும் இவ்வாறு களைநாசினிகளாயின. 1944 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் இருவர் 2,4-டியைப் புற்றரை ஒன்றில் தெளித்தனர். தண்டேலியன் என்னும் களை மடிந்தது, புல் நின்றது. ஆகவே இன்று உலகெங்கும் வயல்களில் தெளிக்கப்படும் இப்பொருளின் தெரிவுத்திறன் முதன்முதல் காட்டப்பட்ட இடங்களுள் புற்றரையும் ஒன்றாகும்.

இது செயற்படும் விதத்தைச் சுருங்கக் கூறலாம். அகன்ற இலைச் செடி இதனை இலையால் உறிஞ்சித் தன் உடலெங்கும் செலுத்துகின்றது. தன் சொந்த வளர்ச்சிப் பொருளை வேண்டும்போது சிதைத்துக் கட்டுப்படுத்த வல்ல அச்செடி, இப்போலிப் பொருளை எளிதிற் சிதைக்க மாட்டாது. ஆதலின் கட்டின்றி வளரத் தொடங்குகின்றது. தண்டு முறுகும், காம்பு சுருளும், உணவோடும் குழாய்கள் அடைபடும், ஈற்றில் செடி வாடி மடியும். புல்லினமோ இதனைக் குறைவாகவே உறிஞ்சுகின்றது, குறைவாகவே கடத்துகின்றது, உட்புகுந்ததைத் தீங்கற்ற பொருளாக விரைவில் மாற்றியும் விடுகின்றது. தெரிவு என்று நாம் கூறுவது இவ்வேறுபாட்டையே.

இங்கே ஓர் உண்மையை நேயர்கள் கூர்ந்து நோக்க வேண்டும். இம்மருந்து இலையின் இனத்தைத்தான் அறியும். மனிதனின் வேண்டுதல் வேண்டாமையை அறியாது. புற்றரையில் படர்ந்த தொட்டாற்சுருங்கியும் அதற்கு அகன்ற இலைதான்; அதனருகே படர்ந்த வல்லாரையும் அகன்ற இலைதான். வேலிக்கப்பால் நிற்கும் தக்காளியும் போஞ்சியும், மலைச்சரிவில் நிற்கும் தேயிலையும் அகன்ற இலைகளே. தக்காளிச் செடி இப்பொருளின் ஆவி பட்டாலே இலை சுருளும் இயல்புடையது. ஆகவே தெரிவு செய்யும் பொறுப்பு மருந்தினுடையதன்று, தெளிப்பவனுடையது. அவன் அறிய வேண்டியவை பல. அவற்றுள் முதலாவது, தன் காலின்கீழ் உள்ள புல் எது என்பது.

நம் நாட்டுப் புற்றரைகளில் காணப்படும் புல்வகைகள் சிலவற்றை நோக்குவோம். அறுகம்புல்லைப் பிள்ளையாருக்குச் சாத்தும் நாம் அதனை நன்கு அறிவோம். நிலத்தின்மேல் ஓடும் தண்டாலும், நிலத்தின்கீழ் ஓடும் தண்டாலும் படர்வது, வெயிலை விரும்புவது, மிதிபடத் தாங்குவது. விளையாட்டு மைதானங்களுக்கு இதுவே சிறந்தது. நன்கு வேர்பிடித்த அறுகு 2,4-டி, எம்.சி.பி.ஏ. ஆகியவற்றை உரிய அளவில் தாங்கும். சொய்சியா என்னும் நுண்ணிய புல்லும் பெரும்பாலும் அவ்வாறே. ஆயினும் அது மெதுவாக வளர்வதால், காயம்பட்டால் ஆறுவதற்கு நெடுநாளாகும். மலைநாட்டுக் குளிரில் செழிக்கும் கிக்குயூப் புல், கென்யாவின் மேட்டுநிலத்து மக்கட் பிரிவொன்றின் பெயரால் வழங்குவது. இதுவும் முற்கூறிய இரண்டையும் ஓரளவு தாங்கும். ஆனால் அகன்ற இலைக் களைகளுக்கே உரியதான திரைக்குளோப்பயர் என்னும் மற்றொரு மருந்து கிக்குயூவையும் அறுகையும் வருத்தும். ஐரோப்பாவின் குளிர்நாட்டுப் புற்களுக்குத் தீங்கு செய்யாத அம்மருந்து, வெப்பநாட்டுப் புற்களான இவற்றுக்குத் தீங்கு செய்கின்றது. ஆகவே பிறநாட்டுச் சஞ்சிகையில் "புல்லுக்குப் பாதுகாப்பானது" என்று அச்சிட்டிருப்பதை நம்பி வாங்குதல் தகாது. எந்தப் புல்லுக்கு என்று கேட்க வேண்டும்.

நிழலில் வளரும் அகன்ற இலைப் புற்கள் வேறொரு வகை. மலேசியப் புல் என்று விற்கப்படும் புல் இவ்வகையினது. பஃபலோ என்னும் பெயரும் அகன்ற இலைப் புற்களுக்கு வழங்குகின்றது. இப்பெயரில் பெருங் குழப்பம் ஒன்று உண்டு. அவுஸ்திரேலியர் பஃபலோ என்றழைக்கும் புல்லை அமெரிக்கர் சென் ஒகஸ்ரின் புல் என்பர். அமெரிக்கர் பஃபலோ என்றழைப்பதோ தம் நாட்டுச் சமவெளிகளில் இயற்கையாக வளரும் முற்றிலும் வேறான புல். இவற்றுள் சென் ஒகஸ்ரின் புல் 2,4-டியாலும் டைகம்பாவாலும் எளிதில் காயமுறுவது; வெயில் மிகுந்த நாளில் காயம் இன்னும் மிகும். போத்தலின் சீட்டில் பஃபலோ என்ற சொல்லைக் கண்டு மகிழ்ந்து மருந்தை வாங்கியவர், தம் தரை மஞ்சளித்துப் போவதைக் காண நேரலாம். பெயரை நம்பாது புல்லைக் காட்டி உசாவுவதே அறிவுடைமை. வேரோடும் தண்டோடும் ஒரு பிடி புல்லைப் பறித்துக்கொண்டு விவசாயப் போதனாசிரியரிடம் சென்றால் அவர் இனங்கண்டு கூறுவார். புதிதாக நட்ட புல் எவ்வினத்ததாயினும், அது வேரூன்றிச் சிலமுறை வெட்டப்படும் வரை எம்மருந்தும் தெளித்தல் ஆகாது.

இரண்டாவதாக அறிய வேண்டியது களையின் இனம். தொட்டாற்சுருங்கி போன்ற அகன்ற இலைக் களைகளுக்கே முற்கூறிய மருந்துகள் பயன்படும். கோரை அவ்வாறன்று. பார்வைக்குப் புல்லைப் போன்றிருப்பினும் அது புல்லினத்தைச் சேர்ந்ததன்று. அதன் தண்டை விரல்களுக்கிடையே உருட்டிப் பாருங்கள். மூன்று விளிம்புகள் தட்டுப்படும். புல்லின் தண்டோ உருண்டை அல்லது தட்டை. கோரையின் உயிர் நிலத்தடியிலுள்ள கிழங்கில் இருக்கின்றது. மேலிலை கருகினாலும் கிழங்கு மீண்டும் முளைக்கும். அதன்மேல் 2,4-டியை மீண்டும் மீண்டும் ஊற்றுவது வீண்செலவு. அதனினும் மேலாக மண்ணுக்கும் நீருக்கும் கேடு. புல்லுக்குள் வளரும் வேற்றுப் புல்லும் இத்தகையதே. அகன்ற இலைக் கொல்லி அதனைத் தீண்டாது. அதனைக் கத்தியால் வேரோடு கெல்லி எடுப்பதே சிறு தரைகளுக்கு ஏற்ற வழி. மலைநாட்டில் தொல்லை தரும் இளஞ்சிவப்புப் பூப்புளியாரைக்கு நிலத்தடியில் சிறுசிறு குமிழ்கள் உண்டு. அதனை அவசரமாகப் பிடுங்கினால் குமிழ்கள் உதிர்ந்து ஒன்று பலவாகும். மண்ணோடு சேர்த்துத் தோண்டி அகற்றுதல் வேண்டும்.

மருந்தை நாடுமுன், களை ஏன் வந்தது என்று ஆராய்தல் நன்று. களை பெரும்பாலும் புல் மெலிந்த இடத்திலேயே புகுகின்றது. அழகுக்காகப் புல்லை மொட்டையாக வெட்டுவோர் பலர். அவ்வாறு வெட்டினால் புல்லின் வேர் குறுகும், வெயில் நிலத்தில் விழும், களைவிதை முளைக்கும். ஒரு வெட்டில் புல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீக்காதிருப்பது நல்ல விதி. பந்தாடும் இடத்தில் மண் இறுகிப் போகும். அதனை முள்ளால் குத்தி இளக்கினால் நீரும் காற்றும் வேரை அடையும். தேயிலை நாட்டு மண் புளிப்புத் தன்மை மிக்கது. தேவை கண்டு டொலமைற்று இட்டால் பல புற்கள் தெளிர்ச்சி பெறும். பாடசாலை மைதானம் போன்ற இடங்களில் இவையே முதல் வைத்தியம். பிள்ளைகள் உருண்டு புரளும் தரையில் ஐந்தாறு களைச்செடிகள் நின்றால் குடி முழுகிப் போகாது. நஞ்சு தெளித்துப் பெறும் அழகு அவ்விடத்துக்கு வேண்டியதன்று. பாடசாலைப் பொறுப்பில் உள்ளவன் என்ற முறையில் இக்கருத்தை நான் உறுதியாகக் கூற விரும்புகின்றேன்.

இனி, தெளித்தே ஆக வேண்டும் என்னும் நிலை வந்தால் செய்ய வேண்டியவை யாவை? முதலாவது, பதிவுபெற்ற பொருளையே வாங்குதல். இலங்கையில் 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி, இத்தகைய பொருள் ஒவ்வொன்றும் பதிவாளரிடம் பதியப்பட வேண்டும். எவை அனுமதிக்கப்பட்டவை, எவை விலக்கப்பட்டவை என்பது காலத்துக்குக் காலம் மாறி வந்துள்ளது. ஆதலின் முன்பு வாங்கி மூலையிற் கிடக்கும் போத்தலை நம்பாது, இன்றைய நிலையை விவசாய அலுவலகத்திற் கேட்டறிதல் வேண்டும். சீட்டில்லாத போத்தலிலும், வேறு பாத்திரத்தில் பிரித்து ஊற்றியும் விற்கப்படும் மருந்தை வாங்கவே கூடாது. ஒரே மருந்து பல செறிவுகளில் விற்கப்படுவதால், சீட்டில்லாமல் அளவை நிர்ணயிக்க எவராலும் இயலாது.

இரண்டாவது அளவு. "ஒரு மூடி கூட ஊற்றினால் இன்னும் நன்றாய்க் கேட்கும்" என்பது நம்மிடையே வழங்கும் பேச்சு. இது இருவழியாலும் தவறு. அளவு மிகுந்தால் புல்லின் தாங்கும் ஆற்றலைக் கடந்து புல்லே காயமுறும். இலைத்தண்டு விரைவில் கருகிவிட்டால் மருந்து வேருக்குச் செல்லும் வழி அடைபட்டுக் களையும் தப்பும். சரியான அளவை அறிய எளிய கணக்கொன்று உண்டு. தெளிகருவியில் வெறும் நீரை நிரப்புக. பத்து மீற்றர் நீளமும் பத்து மீற்றர் அகலமும் கொண்ட இடத்தைக் குறித்து, வழக்கமான நடையில் தெளிக்க. அந்த 100 சதுர மீற்றருக்கு 4 லீற்றர் நீர் செலவாயிற்று என்று வைத்துக்கொள்வோம். அப்படியாயின் 16 லீற்றர்த் தெளிகருவி 400 சதுர மீற்றருக்குப் போதும். ஒரு ஹெக்டேயர் என்பது 10,000 சதுர மீற்றர். ஆகவே ஒரு கருவி நீர் ஒரு ஹெக்டேயரின் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு உரியது. சீட்டில் ஹெக்டேயருக்கு 2 லீற்றர் என்றிருந்தால், ஒரு கருவிக்கு 80 மில்லிலீற்றர் மாத்திரம் ஊற்ற வேண்டும். இக்கணக்கை ஆறாம் வகுப்பு மாணவனும் செய்வான். சமையற்கட்டுக் கரண்டியை அளவைக்கு எடுக்காது, இதற்கெனத் தனி அளவுக்குவளை ஒன்றை வைத்தல் வேண்டும்.

மூன்றாவது காலநிலை. வறட்சியில் வாடிய களை மருந்தை நன்கு உறிஞ்சாது. வாடிய புல்லோ எளிதில் காயமுறும். ஊவாவில் ஐப்பசி, கார்த்திகை மழையின்பின் களையும் புல்லும் செழித்து வளரும் வேளையே ஏற்றது. ஆயினும் தெளித்தவுடன் மழை பெய்தால் மருந்து கழுவப்பட்டு ஓடைக்குச் சென்றுவிடும். ஆகவே மழையற்ற நாளொன்றைத் தெரிதல் வேண்டும். காற்றைப் பற்றிப் பெரகலப் பகுதியாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனி தொடக்கம் ஆவணி வரை மலைவிளிம்பைக் கடந்து வீசும் கச்சான் காற்று நம் தேயிலைக்கு நறுமணம் தருவது. அதே காற்று தெளித்த துளிகளை அடுத்தவன் தோட்டத்துக்குக் கொண்டு செல்லவும் வல்லது. கச்சான் வீசும் நாளில் தெளித்தல் ஆகாது. காற்றே அசையாத மூடுபனிக் காலையும் உகந்ததன்று. அவ்வேளையில் நுண்துளிகள் நிலத்தில் இறங்காது பனியோடு மிதந்து பள்ளத்தாக்கு நோக்கிச் செல்லும். பனி விலகி, மெல்லிய காற்று மனித வாசங்களுக்கு எதிர்த்திசையில் வீசும் வேளையே நல்ல வேளை. 2,4-டியில் எஸ்தர் வகையும் அமைன் உப்பு வகையும் உண்டு. எஸ்தர் வகை வெயிலில் ஆவியாகி நெடுந்தூரம் செல்லும். மரக்கறித் தோட்டங்களுக்கு அருகே அதனைப் பாவித்தல் கூடாது.

மருந்து தெளித்த இடத்திலேயே நின்றுவிடுவதில்லை என்பதற்குத் தேயிலைத் துறையிலேயே சான்று உண்டு. 2015 இல் கிளைபொசேற்றின் இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது, தோட்டங்கள் களைகளுக்கு வேறு மருந்துகளை நாடின. அவற்றுள் ஒன்று, நாம் புற்றரைக்கெனக் கூறிவரும் எம்.சி.பி.ஏ. 2018 ஆம் ஆண்டளவில் யப்பானுக்கு அனுப்பப்படும் தேயிலையில் அதன் எச்சம் அந்நாட்டு எல்லையைக் கடந்திருப்பதைப் பற்றித் தேயிலைத் துறையினர் பெருங் கவலை தெரிவித்தனர். தனி எல்லை குறிக்கப்படாத பொருள்களுக்கு யப்பான் விதித்துள்ள பொது எல்லை பத்து இலட்சத்தில் நூறில் ஒரு பங்கு. ஒரு தொன் தேயிலையில் நூறில் ஒரு கிராம் என்று கொள்ளலாம். நிலத்திலுள்ள களைக்கெனத் தெளித்தது கொழுந்தில் ஏறிக் கடல் கடந்து, பிறிதொரு நாட்டின் ஆய்வுகூடத்தில் வெளிப்பட்டது. கிளைபொசேற்றுத் தடை 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்குமெனத் தளர்த்தப்பட்டது. 2021 இல் இரசாயனப் பசளைகளோடு பீடைநாசினிகளின் இறக்குமதியும் முற்றாக நிறுத்தப்பட்டு, அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதை யாவரும் அறிவோம். மருந்தைக் கண்மூடி நம்புவதும், மாற்றுவழியை ஆயத்தம் செய்யாது அதனை ஒரேநாளில் கைவிடுவதும் துன்பத்தையே தரும் என்பது இவ்வாண்டுகள் கற்பித்த பாடம்.

நான்காவது, தெளிப்பவரின் உடல். நேயர்களே, இதுவே நான் அழுத்திக் கூற விரும்பும் செய்தி. புற்றரையின் அழகை நுகர்பவர் ஒருவர். முதுகில் கருவியைச் சுமந்து தெளிப்பவர் பெரும்பாலும் வேறொருவர். நாட்கூலிக்கு வந்த அவரிடம் போத்தலை நீட்டி "மருந்தடித்துவிடு" என்று கூறிவிட்டு உள்ளே செல்வது எந்த அறத்துக்கும் பொருந்தாது. நீண்ட கையும் காலும் உள்ள உடை, இறப்பர்க் கையுறை, முழங்கால் வரையிலான இறப்பர்ச் சப்பாத்து, கண்ணைக் காக்கும் ஆடி ஆகியவற்றை வேலை கொடுப்பவரே கொடுக்க வேண்டும். கலக்கும் வேளையே ஆபத்து மிக்க வேளை. போத்தலில் உள்ளது நீர் கலவாத முழுச் செறிவினது. கருவியின் மூடி ஒழுகி முதுகு நனைந்தால் உடனே வேலையை நிறுத்திச் சவர்க்காரமிட்டுக் கழுவ வேண்டும். அடைபட்ட முனையை வாயால் ஊதுதல் கூடவே கூடாது. வேலையின்போது வெற்றிலை போடுவதும் பீடி புகைப்பதும் நஞ்சை வாய்க்கு எடுத்துச் செல்லும் வழிகளே. வேலை முடிந்தபின் குளிக்க நீரும், உடையைத் தனியே துவைக்க வசதியும் இருத்தல் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவர் நிலையம் 2015 இல் 2,4-டியைப் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவை என ஐயுறத்தக்க பொருள்களின் வரிசையிற் சேர்த்தது. அச்சான்று வரையறுக்கப்பட்டதே எனினும், நாள்தோறும் இதனைக் கையாள்பவரின் தோலைக் காப்பதற்கு அந்த ஐயமே போதிய காரணமாகும்.

ஐந்தாவது, தெளித்தபின் அத்தரைக்கு வருவோர். பிள்ளைகளும் வளர்ப்பு விலங்குகளும், சீட்டிற் குறித்த காலம் கழியும் வரை அங்கே வராதபடி கயிறு கட்டி அறிவித்தல் வைக்க வேண்டும். நம் பகுதிக்கே உரிய இரு விடயங்களை இங்கே சேர்த்துக் கூறுவேன். லயங்களில் வாழும் தாய்மார் வல்லாரையையும் பிற கீரைகளையும் புல்வெளி ஓரங்களிற் கொய்து சம்பலாக்கியும் வறுத்தும் உண்பர். அகன்ற இலைக் களை என்று மருந்து கொல்லப் புகுவது அவர்களின் கறியையே. தெளித்த மறுநாள் அக்கீரை வாடாது பசுமையாகவே நிற்கக்கூடும். பார்ப்பவருக்கு ஐயம் எழாது. மாடு வளர்ப்போர் வெட்டிய புல்லை அள்ளிச் செல்வர். அதிலுள்ள மருந்து மாட்டின் வயிற்றுக்குச் செல்லும். ஆகவே தெளிப்பதற்கு முதல்நாளே அயலவர் யாவருக்கும் வாய்மொழியாக அறிவித்தல் வேண்டும். அறிவித்தலைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுதல் வேண்டும். வெட்டிய புல்லைச் சீட்டிற் குறித்த காலம் வரை மாட்டுக்கும் கொடாது, மரக்கறிப் பாத்திக்கும் இடாது ஒதுக்குதல் வேண்டும்.

ஆறாவது நீர். பெரகல, ஹப்புத்தளை மலைவிளிம்பின் தென்புறத்தே பெய்யும் மழை வளவை கங்கைக்கும் கிரிந்தி ஓயாவுக்கும் செல்கின்றது. வடபுறத்து நீர் ஊமா ஓயா, பதுளு ஓயா வழியாக மகாவலியை அடைகின்றது. நம் முற்றத்தில் தெளித்தது பிறர் கிணற்றை நோக்கி இறங்கும் நிலத்தில் நாம் வாழ்கின்றோம். 2,4-டியும் எம்.சி.பி.ஏ.யும் மண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளும் பொருள்கள் அல்ல, நீரோடு நகர்வன. ஊற்றுக்கும் ஓடைக்கும் அருகே ஒரு புல்வரம்பை மருந்து படாது விட்டுவைத்தல் வேண்டும். கருவியை ஓடையிற் கழுவுதல் கொடுமை. கழுவிய நீரைத் தெளித்த தரைமீதே தெளித்து முடித்தல் முறை. வெற்றுப் போத்தலை மும்முறை அலசித் துளையிட்டு, வேறெதற்கும் பயன்படாதவாறு அழித்துவிட வேண்டும்.

இறுதியாக, பூட்டு. நம் நாட்டில் தற்கொலையால் நிகழ்ந்த மரணங்கள் 1995 ஆம் ஆண்டில் இலட்சம் பேருக்கு 47 என்னும் துயரமான உச்சத்தை அடைந்தன. அவற்றுட் பெரும்பகுதி வீட்டிலும் தோட்டத்திலும் கைக்கெட்டிய பீடைநாசினியால் நேர்ந்தது. கொடிய நஞ்சுகள் ஒவ்வொன்றாகச் சந்தையிலிருந்து நீக்கப்பட்டதன்பின் அவ்வீதம் 2005 அளவில் ஏறத்தாழ அரைவாசியாகக் குறைந்தது. பரகுவாற்று என்னும் களைநாசினி 2008 முதல் 2011 வரை படிப்படியாக விலக்கப்பட்டது. ஒரு கணத்து மனவேதனையில் கைக்கு நஞ்சு எட்டாதிருந்தால் ஓருயிர் பிழைக்கும், அக்கணமும் கடந்து போகும் என்பதை இக்கணக்கு நமக்கு உணர்த்துகின்றது. ஆகவே எஞ்சிய மருந்து எவ்வளவு சிறிதாயினும், மூலப்போத்தலிலேயே, பூட்டிய பெட்டியில், உணவுக்கும் பிள்ளைகளுக்கும் எட்டாத இடத்தில் இருத்தல் வேண்டும். தேவைக்கு மேல் வாங்காதிருத்தல் அதனினும் நன்று. தவறி உட்கொண்டவரை, வாந்தியெடுக்கச் செய்ய முயலாது, போத்தலின் சீட்டோடு உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நேயர்களே, இவ்வளவையும் கேட்டபின், ஒரு முற்றத்துப் புல்லுக்கு இத்தனை கவலையா என்று சிலர் எண்ணக்கூடும். ஒரு போத்தல் மருந்தை வாங்கிய கணத்திலேயே இக்கவலைகள் அனைத்தையும் நாம் வாங்கிவிடுகின்றோம். அவற்றை ஏற்க மனமில்லாதவர் கத்தியும் கூடையும் எடுத்துக்கொண்டு களையைக் கெல்லி எடுப்பாராக. சிறு முற்றமாயின் இரண்டு சனிக்கிழமைகள் போதும். பெரிய தரையை உடையவர் தம் புல்லின் பெயரையும், களையின் இனத்தையும், கருவியின் கணக்கையும் ஒரு கொப்பியிற் குறித்து வைத்துக்கொண்டு, தெளிப்பவரின் கையுறையைத் தம் கண்ணாற் பார்த்தபின் வேலையைத் தொடங்குவாராக. இவ்வாண்டு மழைக்குமுன் உங்கள் முற்றத்துப் புல் எது என்று அறிந்துகொள்ளுங்கள். ஏனையவற்றை அதிலிருந்து தொடங்கலாம்.